கர்னலைத் தாண்டிப் போகும் செய்தி

நொடிக்கு 100 கிகாபிட் வேகமுள்ள நெட்வொர்க் கார்டில் 1500 பைட் கொண்ட ஒரு பாக்கெட் வந்து இறங்க 120 நானோ விநாடி போதும். கணக்கு எளிது. 1500 பைட் என்பது 12,000 பிட். அதை நூறு பில்லியனால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். இன்றைய செயலி, கேச்சில் இல்லாத ஒரு தகவலை எடுக்க முதன்மை நினைவகத்துக்கு ஒரு முறை போய்வர ஏறக்குறைய 100 நானோ விநாடி எடுத்துக்கொள்கிறது. ஆக, ஒரு பாக்கெட்டுக்காக நினைவகத்தை ஒரு தடவை தொட்டுவிட்டுத் திரும்பும்போதே அடுத்த பாக்கெட் ஏறக்குறைய வாசலுக்கு வந்துவிடுகிறது.

செம்புக் கம்பியில் 1 கிகாபிட் ஈதர்நெட் 1999-இல் தரப்படுத்தப்பட்டது. 100 கிகாபிட் ஈதர்நெட்டுக்கான தரம் 2010-இல் வந்தது. பதினோரு ஆண்டில் நூறு மடங்கு. அதே காலத்தில் நினைவகத்தின் தாமதம் குறைந்ததோ மிகச் சொற்பம். கேபிள் ஓடிவிட்டது, கணினியின் உள்ளே இருப்பவை பின்தங்கிவிட்டன. இந்த இடைவெளியை முதலில் உணர்பவர்கள், ஒரு நிரலுக்கும் இன்னொரு நிரலுக்கும் இடையே செய்தி கொண்டுபோகும் லைப்ரரிகளை எழுதுகிறவர்கள். அவற்றில் பலரும் அறிந்த ஒன்று ஜீரோஎம்க்யூ. திறமூலமாகக் கிடைப்பது, சி++ மொழியில் எழுதப்பட்டது. அதை வைத்தே இந்த விஷயத்தைப் பார்க்கலாம். ஒரு லைப்ரரியின் உள்ளமைப்பு வெளிப்படையாக வாசிக்கக் கிடைக்கும்போதுதான் எது எங்கே முட்டுகிறது என்று காட்ட முடியும்.

ஜீரோஎம்க்யூவின் வேலை 2007-இல் ஐமேட்டிக்ஸ் என்ற நிறுவனத்தில் தொடங்கியது. நிறுவனத்தை நடத்தியவர் பீட்டர் ஹிண்ட்ஜென்ஸ். லைப்ரரியின் கட்டமைப்பை வடித்தவர் மார்ட்டின் சுஸ்த்ரிக். பங்குச்சந்தையின் விலைத் தகவல்களைப் போல, சின்னச் சின்னச் செய்திகளை லட்சக்கணக்கில், தாமதமின்றி, நடுவில் ஒரு சர்வர் இல்லாமல் நேருக்கு நேர் அனுப்புவது அதன் நோக்கம். பயன்படுத்துபவருக்கு அது தருவது ஒரு சாக்கெட். ஆனால் அந்த சாக்கெட்டுக்குக் குணம் உண்டு. கேள்வி கேட்டுப் பதில் வாங்குவது, ஒருவர் சொல்லப் பலர் கேட்பது, வேலையைப் பலருக்குப் பங்கிட்டுத் தள்ளுவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வகை. செய்தி எந்த வழியில், அதாவது எந்த டிரான்ஸ்போர்ட்டில், போகிறது என்பது ஒரு முகவரி வரியில் அடங்கிவிடும். அந்த வரியின் முதல் சொல் 'டிசிபி' என்றால் நெட்வொர்க் வழி. 'ஐபிசி' என்றால் அதே கணினியின் இன்னொரு நிரலுக்கு. 'இன்ப்ராக்' என்றால் அதே நிரலின் இன்னொரு த்ரெட்டுக்கு. எரிக்சன் நிறுவனத்தில் பிறந்த டிஐபிசி, அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் பிறந்த நார்ம் ஆகியவையும் இப்படித்தான் பின்னர் உள்ளே வந்தன. நிரலை எழுதியவர் தன் தர்க்கத்தில் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியதில்லை. முகவரியின் முதல் சொல்லை மாற்றினால் போதும். இந்த வாக்குறுதிதான் அந்த லைப்ரரியின் உயிர். அதிவேக நெட்வொர்க்கைச் சேர்க்க வருகிறவர் இந்த வாக்கை உடைக்காமல் சேர்க்க வேண்டும். முழுச் சிக்கலும் அந்த நிபந்தனையில்தான் இருக்கிறது.

இப்போது வழக்கமான பாதையைப் பார்ப்போம். சாக்கெட் என்ற இடைமுகம் 1983-இல் பெர்க்லியின் 4.2 பிஎஸ்டி யூனிக்ஸோடு வந்தது. ஈதர்நெட் அப்போது நொடிக்கு 10 மெகாபிட்; 1500 பைட்டுக்கு 1.2 மில்லி விநாடி. அந்த அவகாசத்தில் செயலியால் நிறையவே செய்ய முடிந்தது. நிரல் தன் செய்தியை இயங்குதளத்தின் மையமான கர்னலிடம் கொடுக்கிறது; கர்னல் அதைத் தன் பஃபருக்கு நகலெடுக்கிறது; டிசிபி தலைப்பு சேர்க்கிறது; கார்டுக்குச் சொல்கிறது. மறுபுறம் கார்டு செயலியை இடைமறிக்கிறது. கர்னல் பாக்கெட்டைப் பிரிக்கிறது, வரிசைப்படுத்துகிறது. காத்திருக்கும் நிரலைத் தட்டி எழுப்புகிறது. மறுபடி ஒரு நகல். ஒவ்வொரு படியும் நியாயமானதே. ஒரு நிரலின் நினைவகத்தை இன்னொன்று பார்த்துவிடாமல் காப்பதும், ஒரே கார்டைப் பத்து நிரல்களுக்குப் பங்கிடுவதும் கர்னல் செய்யும் அரிய சேவைகள். ஆனால் இவற்றின் மொத்தச் செலவு ஒரே கட்டடத்துக்குள் இருக்கும் இரண்டு கணினிகளுக்கு இடையே பத்து, இருபது மைக்ரோ விநாடி வரை போகிறது. கண்ணாடி இழையில் ஒளி ஒரு மீட்டரைக் கடக்க 5 நானோ விநாடி. 50 மீட்டர் கேபிளுக்குக் கால் மைக்ரோ விநாடி. மீதி நேரமெல்லாம் கணினிக்குள் கழிகிறது.

கர்னலை இந்தப் பாதையிலிருந்து விலக்கிப் பார்க்கும் எண்ணம் பல்கலைக்கழக ஆய்வகங்களில் முளைத்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் யூ-நெட் ஆய்வு 1995-இல் வெளிவந்தது. கர்னலின் வேலை ஆரம்ப ஏற்பாட்டோடு முடிந்துவிட வேண்டும். அதன் பின் நிரலும் கார்டும் நேரே பேசிக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். இதை ஒட்டி 1997-இல் காம்பேக், இன்டெல், மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து ஒரு வரைவை வெளியிட்டன. 1999-இல் போட்டியாக இருந்த இரண்டு தொழில்துறை முயற்சிகள் இணைந்து, இன்ஃபினிபேண்ட் என்ற அதிவேக நெட்வொர்க்குக்கான சங்கம் உருவாயிற்று. 2000-இல் முதல் தரம் வந்தது. கணினிக்குள் இருக்கும் பிசிஐ பாதையையே நீக்கிவிட்டு அந்த இடத்தில் இன்ஃபினிபேண்ட் உட்காரும் என்று அப்போது பேசினார்கள். அது நடக்கவில்லை. டாட்காம் சரிவுக்குப் பின் 2002-இல் இன்டெல் தன் இன்ஃபினிபேண்ட் சில்லு முயற்சியை விட்டுவிட்டது.

அதைக் காப்பாற்றியவை சூப்பர் கணினிகள். காப்பாற்றியதில் ஒரு திறமூல லைப்ரரிக்குப் பெரிய பங்கு உண்டு. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அறிவியல் கணக்கீடுகளில் கணினிகள் செய்தி பரிமாறிக்கொள்ளப் பயன்படுத்தும் பொது இடைமுகம் எம்பிஐ. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் டி. கே. பாண்டாவின் குழு, எம்பிஐயை இன்ஃபினிபேண்ட் மீது நேரே ஓட வைத்து எம்வாபிச் என்ற பெயரில் திறமூலமாகக் கொடுத்தது. 2003-இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம், ஸ்ரீநிதி வரதராஜன் தலைமையில், கடையில் விற்கும் ஆப்பிள் பவர் மேக் ஜி5 கணினிகள் 1,100-ஐ இன்ஃபினிபேண்டால் இணைத்து 10.28 டெராஃப்ளாப்ஸ் வேகத்தை எட்டியது. அந்த நவம்பரின் டாப்500 பட்டியலில் அதற்கு உலகில் மூன்றாம் இடம். அங்கே ஓடியது எம்வாபிச். ஏற்கெனவே எம்பிஐயில் எழுதப்பட்டிருந்த விஞ்ஞானிகளின் நிரல்கள் திருத்தமின்றி அந்த வேகத்தைப் பெற்றன. வன்பொருள் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும், மக்கள் ஏற்கெனவே பேசும் இடைமுகத்துக்குக் கீழே அதைக் கொண்டுபோய்ச் செருக யாராவது இருக்க வேண்டும். 2005 மார்ச்சில் வந்த 2.6.11 பதிப்போடு லினக்ஸ் கர்னலும் இன்ஃபினிபேண்டைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது.

இந்த வகை நெட்வொர்க்குகளின் மையத் திறனை ஆர்டிஎம்ஏ என்கிறார்கள். ஒரு கணினியின் கார்டு, எதிர்க் கணினியின் செயலியைத் தொந்தரவு செய்யாமல், அதன் நினைவகத்தில் நேரே எழுதவோ அங்கிருந்து நேரே வாசிக்கவோ முடியும். ஆனால் செய்தி லைப்ரரிக்கு அதிகம் உதவுவது இதைவிட எளிய இன்னொரு முறை: ஒருவர் அனுப்ப, மற்றவர் பெறுவது. சாக்கெட்டிலும் இதேதான் நடக்கிறது என்று தோன்றும். வேறுபாடு ஏற்பாட்டில் இருக்கிறது. நம் வீடுகளில் இரவே கேட்டில் ஒரு பையைத் தொங்கவிட்டால், விடியற்காலையில் பால்காரர் மணி அடிக்காமல், யாரையும் எழுப்பாமல் பாக்கெட்டைப் போட்டுவிட்டுப் போகிறார். ஆர்டிஎம்ஏவில் பெறுவதும் இப்படித்தான். செய்தி வருவதற்கு முன்பே, 'இது வந்தால் இங்கே போடு' என்று நிரல் தன் காலி பஃபர்களைக் கார்டின் வரிசையில் தொங்கவிட்டிருக்க வேண்டும். பை இல்லாத நேரத்தில் செய்தி வந்தால் கார்டு அதை வாங்கி வைத்துக்கொள்ளாது. 'தயாராக இல்லை' என்று திருப்பி அனுப்பும். அனுப்பியவர் சற்றுப் பொறுத்து மறுபடி முயல்வார். அனுமதித்த தடவைகள் தீர்ந்தால் இணைப்பே முறிந்துவிடும்.

ஆக, வேகம் முன்னேற்பாட்டிலிருந்து வருகிறது. சாக்கெட் உலகில் எல்லா முடிவுகளும் கடைசி நொடியில் எடுக்கப்படுகின்றன: எங்கே வைப்பது, எவ்வளவு இடம், யாருக்கு. அந்தத் தாராளத்துக்குக் கட்டும் விலைதான் நகலெடுத்தல். ஆர்டிஎம்ஏ அந்த முடிவுகளை எல்லாம் முன்னதாகவே கேட்கிறது. ஜீரோஎம்க்யூ போன்ற ஒரு லைப்ரரி தன்னைப் பயன்படுத்துகிறவரிடம் எதையும் முன்னதாகக் கேட்பதில்லை. எந்த நேரத்திலும், எந்த அளவிலும் செய்தி கொடுக்கலாம் என்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து சமாதானம் செய்வதே புதிய டிரான்ஸ்போர்ட்டின் வேலை.

முதல் முட்டல் நினைவகப் பதிவு. கார்டு ஒரு பஃபரைத் தொட வேண்டுமானால் அந்த இடத்தை முன்பே கார்டிடம் பதிவு செய்ய வேண்டும். கர்னல் அந்தப் பக்கங்களை இடம் மாற்றாமல் பூட்டி வைக்கும். உண்மையான முகவரிகளைக் கார்டின் அட்டவணையில் ஏற்றும். இந்தப் பதிவுக்கு ஆகும் நேரம், ஒரு சிறு செய்தி நெட்வொர்க்கில் போய்ச் சேரும் நேரத்தைவிட அதிகம். ஒவ்வொரு செய்திக்கும் பதிவு செய்தால் பழைய பாதையே மேல். எனவே லைப்ரரி தொடக்கத்திலேயே ஒரு பெரிய இடத்தைப் பதிவு செய்து, துண்டு போட்டு, அதிலிருந்து எடுத்து எடுத்துக் கொடுக்க வேண்டும். பயன்படுத்துபவரின் செய்தியோ அந்த இடத்துக்கு வெளியே, அவர் விரும்பிய ஏதோ ஒரு மூலையில் இருக்கிறது. சிறிய செய்தி என்றால் நகலெடுத்துவிடலாம். சில நூறு பைட்டை நகலெடுப்பது மலிவு. இன்னும் சிறியதாக இருந்தால் கார்டுக்குக் கொடுக்கும் கட்டளைக்குள்ளேயே அந்த பைட்டுகளைப் பொதிந்து அனுப்பவும் முடியும். நகலே இல்லாத பரிமாற்றம் என்ற முழக்கத்தில் மயங்கி இந்த எளிய நகலைத் தவிர்க்க முயல்பவர்கள் தங்கள் நிரலை மெதுவாக்கிக்கொள்கிறார்கள்.

பெரிய செய்திக்கு வேறு வழி. எம்பிஐ உலகம் இதை வெகுநாள் முன்பே கண்டுகொண்டது. அனுப்புபவர் முழுச் செய்தியை அனுப்புவதில்லை. 'இத்தனை மெகாபைட், என் நினைவகத்தில் இந்த இடத்தில், இந்தத் திறவுகோலோடு இருக்கிறது' என்று ஒரு சிறு குறிப்பை அனுப்புகிறார். பெறுபவர் தனக்கு வசதியான இடத்தைத் தயார் செய்துகொண்டு, அங்கிருந்து நேரே வாசித்துக்கொள்கிறார், முடிந்ததும் சொல்லிவிடுகிறார். பதிவுச் செலவு இங்கே பல மெகாபைட்டுகளின் மீது பரவிவிடுவதால் உறுத்தாது. சிறியது, பெரியது என்ற எல்லையை எங்கே போடுவது என்பது கார்டுக்குக் கார்டு மாறும். அளந்து பார்க்காமல் அந்த எண்ணைச் சொல்ல முடியாது.

இதில் ஒரு நுட்பமான பொறுப்பு ஒளிந்திருக்கிறது. டிசிபியில் அனுப்பும் அழைப்பு முடிந்து திரும்பிவிட்டால் கர்னல் நகலெடுத்துவிட்டது என்று அர்த்தம். பஃபரை உடனே விடுவிக்கலாம். ஆர்டிஎம்ஏவில் அனுப்பும் அழைப்பு உடனே திரும்பிவிடும், ஆனால் கார்டு அந்த பஃபரை இன்னும் வாசித்துக்கொண்டிருக்கலாம். முடிந்தது என்ற அறிவிப்பு தனியாக, பிறகு வரும். ஜீரோஎம்க்யூவில், செய்தியின் இடத்தை விடுவிக்க ஒரு செயற்கூறைப் பயனரே கொடுக்கும் வசதி ஏற்கெனவே உண்டு. புதிய டிரான்ஸ்போர்ட் அந்த விடுவிப்பை முடிவு அறிவிப்பு வரும்வரை தள்ளிப்போட வேண்டும். இதில் தவறினால் வரும் பிழை பயங்கரமானது: நிரல் விழாது, தவறான பைட்டுகள் அமைதியாக எதிர்ப்பக்கம் போய்ச் சேரும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு ஆபத்து, யூனிக்ஸின் ஃபோர்க். ஒரு நிரல் தன்னைப் போலவே ஒரு குழந்தை நிரலை உருவாக்கும்போது, இரண்டும் ஒரே நினைவகப் பக்கங்களைப் பகிர்ந்துகொள்கின்றன. யார் முதலில் எழுதுகிறாரோ அவருக்குப் புதிய நகல் கிடைக்கும். தாய் நிரல் எழுதினால் தாய்க்குப் புதுப் பக்கம் வந்துவிடும். கார்டுக்கோ பழைய பக்கத்தின் முகவரிதான் தெரியும். அதன் பின் தாய் ஓரிடத்தில் எழுத, கார்டு வேறோரிடத்தை அனுப்பிக்கொண்டிருக்கும். பதிவு செய்த பக்கங்களைக் குழந்தைக்குக் கொடுக்காதே என்று முன்கூட்டிச் சொல்லும் ஏற்பாடு ஆர்டிஎம்ஏ லைப்ரரியில் உண்டு. பின்னாளில் லினக்ஸ் கர்னலே இதைக் கையாளக் கற்றுக்கொண்டது. ஆனாலும் ஒரு பொது லைப்ரரியை எழுதுகிறவர் தன்னைப் பயன்படுத்தும் நிரல் எப்போது ஃபோர்க் செய்யும் என்று அறிய மாட்டார். இந்த விஷயத்தை ஆவணத்தின் முதல் பக்கத்தில் எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாவது முட்டல் ஓட்டக் கட்டுப்பாடு. டிசிபி நமக்காகச் சத்தமின்றிச் செய்துவந்த வேலை இது: பெறுபவரால் தாங்க முடிகிற அளவுக்கே அனுப்புவது. இங்கே அது நம் பொறுப்பு. எதிர்ப்பக்கம் எத்தனை பஃபர்களைத் தொங்கவிட்டிருக்கிறதோ அத்தனை கிரெடிட் எனக்கு உண்டு. ஒவ்வொரு செய்திக்கும் ஒன்று குறையும். எதிர்ப்பக்கம் பஃபர்களை மீண்டும் தொங்கவிட்டதும் 'இத்தனை சேர்த்துக்கொள்' என்று சொல்லும். அந்தச் செய்தியே ஒரு செய்திதான். அதற்கும் ஒரு பஃபர் வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கிரெடிட்டைத் தீர்த்துவிட்டால், கிரெடிட் கொடுக்கவே கிரெடிட் இல்லாமல் இருவரும் என்றென்றைக்கும் காத்திருப்பார்கள். இதற்காகவே ஒரு பஃபரை எப்போதும் ஒதுக்கி வைக்க வேண்டும். பரிசோதனையில் மாதக்கணக்கில் தலைகாட்டாமல் இருந்து, நெரிசல் நாளில் எழும் வகைப் பிழை இது.

பஃபர்களைத் தாராளமாகத் தொங்கவிட்டால் என்ன? 1,000 இணைப்புகள், இணைப்புக்கு 64 பஃபர், பஃபருக்கு 8,192 பைட் என்று வைத்துக்கொண்டால் 52 கோடி பைட்டுக்கு மேல் போகிறது. அதுவும் பூட்டிய நினைவகம். வேறு யாரும் தொட முடியாது. பல இணைப்புகளுக்குப் பொதுவான ஒரே பஃபர் வரிசையை வைக்கும் வசதி இன்ஃபினிபேண்டில் உண்டு. ஆனால் அப்போது எந்த இணைப்புக்கு எத்தனை கிரெடிட் என்ற கணக்கு தளர்ந்துவிடும்.

மூன்றாவது முட்டல்தான் ஆழமானது. ஜீரோஎம்க்யூவின் நடுவில் ஒரு தனி த்ரெட் ஓடுகிறது. நிரலின் த்ரெட் கொடுக்கும் செய்திகளைப் பூட்டில்லாத ஒரு வரிசை வழியாக வாங்கி, நெட்வொர்க்கில் தள்ளுவதும் பெறுவதும் அதன் வேலை. அது கர்னலிடம், 'இத்தனை சாக்கெட்டில் ஏதாவது நடந்தால் எழுப்பு' என்று சொல்லிவிட்டுத் தூங்குகிறது. ஆர்டிஎம்ஏவின் முடிவு அறிவிப்புகளோ நிரலின் நினைவகத்திலேயே வந்து விழுகின்றன, கர்னலுக்குத் தெரியாது. அங்கே போய்ப் போய்ப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் மிக வேகமான வழி. அப்படிப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஒரு செயலிக் கரு முழுவதும் அதற்கே போய்விடும். வேறு சாக்கெட்டுகளும் பட்டினி கிடக்கும். கார்டு கர்னலை இடைமறித்து, கர்னல் த்ரெட்டை எழுப்பும் வசதியும் உண்டு. ஆனால் அதில் நாம் தப்பி வந்த அதே மைக்ரோ விநாடிகள் திரும்பி வருகின்றன. எழுப்பச் சொல்வதற்கும் தூங்குவதற்கும் நடுவே உள்ள இமைப்பொழுதில் ஓர் அறிவிப்பு வந்துவிட்டால் அது கேட்பாரற்றுக் கிடக்கும் என்பதால், எழுப்பச் சொன்ன பிறகு இன்னொரு முறை பார்த்துவிட்டே தூங்க வேண்டும். நடைமுறையில் நான் ஏற்கும் வழி இரண்டும் கலந்தது: சில மைக்ரோ விநாடி விழித்துப் பார், எதுவும் வரவில்லை என்றால் தூங்கு. அந்தச் சில மைக்ரோ விநாடி எத்தனை என்பதைப் பயனர் தீர்மானிக்கட்டும்.

இத்தோடு முடியவில்லை. நிரலின் த்ரெட்டுக்கும் இந்த நடு த்ரெட்டுக்கும் இடையே செய்தி கைமாறும்போது, எதிரிலுள்ளவர் தூங்கிக்கொண்டிருந்தால் கர்னல் வழியாகத்தான் எழுப்ப வேண்டும். செய்திகள் வெள்ளமாக வரும்போது யாரும் தூங்குவதில்லை. எழுப்பும் செலவும் இல்லை. ஒரு கேள்வி, ஒரு பதில் என்று போகும்போது ஒவ்வொரு முறையும் எழுப்ப வேண்டியிருக்கிறது. ஒரு செய்தி போய்ச் சேர 30 மைக்ரோ விநாடி ஆகிறது என்று கொள்வோம்; 20 கர்னல் பாதையில், 10 லைப்ரரிக்குள். நெட்வொர்க்கை மாற்றி 20-ஐ 1 ஆக்கினாலும் மொத்தம் 11. இருபது மடங்கு வேகமான கார்டுக்குப் பணம் கொடுத்தவருக்கு மூன்று மடங்குகூடக் கிடைக்கவில்லை. ஜீன் ஆம்டால் 1967-இல் இணைக் கணக்கீடு பற்றிச் சொன்ன அதே விதி இங்கே வேறு உடையில் வருகிறது. ஆகவே புதிய டிரான்ஸ்போர்ட்டைச் சேர்ப்பவர் நெட்வொர்க் பகுதியை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தினால், தன் உழைப்பின் பலனை நொடிக்குப் போகும் தரவின் அளவில் காண்பார். தாமதத்தில் காண மாட்டார். தாமதமும் வேண்டுமென்றால் லைப்ரரியின் நடு த்ரெட் வடிவமைப்பையே தொட வேண்டும். அது முகவரிச் சொல்லுக்குப் பின்னால் ஒளிக்க முடியாத மாற்றம்.

இவ்வளவு பாடு எதற்கு, சாக்கெட் போலவே தோற்றம் தரும் ஒரு போர்வையை ஆர்டிஎம்ஏ மீது போர்த்தினால் என்ன என்று கேட்கலாம். போர்த்தியிருக்கிறார்கள். இன்ஃபினிபேண்ட் மேல் வழக்கமான ஐபி பாக்கெட்டுகளை ஓட்டும் வழி உண்டு. ஆர்சாக்கெட் என்ற திறமூல லைப்ரரியும் உண்டு. லைப்ரரியில் எதையும் தொடாமல் ஓரளவு வேகம் கிடைக்கும். முதல் படியாக இதை அளந்து பார்ப்பது நல்லது. பல பயனர்களுக்கு இதுவே போதும். ஆனால் இங்கே ஒரு முரண் இருக்கிறது, அது என்னை வருத்துகிறது. டிசிபி ஒரு பைட் ஓடை. செய்திக்கு எல்லை தெரியாது. அதனால் ஜீரோஎம்க்யூ ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் ஒரு பைட் கொடியும், ஒரு பைட்டிலோ எட்டு பைட்டிலோ நீளமும் எழுதி அனுப்புகிறது. மறுபக்கம் அந்த ஓடையைப் பிரித்து மறுபடி செய்திகளாக்குகிறது. இன்ஃபினிபேண்டோ பிறவியிலேயே செய்தியைச் செய்தியாகக் கொண்டுபோவது. எத்தனை பைட் வந்தது என்று முடிவு அறிவிப்பிலேயே சொல்லிவிடுகிறது. செய்தி லைப்ரரியும் செய்தி நெட்வொர்க்கும் நேரே சந்திக்க வாய்ப்பிருக்கும்போது, நடுவில் ஒரு பைட் ஓடையைப் போலியாக ஓடவிட்டு இரண்டு பக்கமும் பிரித்துக் கட்டுவது வீண். இணைப்பின் தொடக்கத்தில் நடக்கும் அறிமுகப் பேச்சை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் பின் செய்திகளை எல்லை குலையாமல் அனுப்பும் தனி எஞ்சின் எழுதுவதே சரியான வழி. சிறு செய்திகளை 8,192 பைட் வரை சேர்த்து ஒன்றாக அனுப்பும் பழக்கம் ஜீரோஎம்க்யூவில் உண்டு. அதை இங்கும் காப்பாற்றிக்கொள்ளலாம். கார்டுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு விலை இருக்கிறது.

நெட்வொர்க் பக்கமும் எப்போதும் சமர்த்தாக இருப்பதில்லை. ஆர்டிஎம்ஏவை ஈதர்நெட் மேல் ஓட்டும் ரோசி என்ற தரம் 2010-இல் வந்தது. இன்று தரவு மையங்களில் பரவலாக இருப்பது அதன் இரண்டாம் பதிப்பு. இன்ஃபினிபேண்டின் நெறிமுறை, பாக்கெட் தொலையாத நெட்வொர்க்கை நம்பி வடிவமைக்கப்பட்டது. ஈதர்நெட் அப்படியல்ல. மைக்ரோசாஃப்ட் தன் தரவு மையங்களில் இதை நிறுவிய அனுபவத்தை 2016-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டது. அதில் ஒரு சோதனை: 4 மெகாபைட் செய்திகளை அனுப்பும்போது, 256 பாக்கெட்டுக்கு ஒன்று வீதம் தொலையுமாறு செய்தார்கள். கேபிள் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு செய்திகூட முழுதாகப் போய்ச் சேரவில்லை. ஒரு பாக்கெட் தொலைந்தால் அந்தச் செய்தியை முதல் பைட்டிலிருந்தே மறுபடி அனுப்பும்படி கார்டு எழுதப்பட்டிருந்தது. நாலாயிரம் பாக்கெட் கொண்ட செய்தி ஒவ்வொரு முறையும் நடுவில் அறுந்து தொடக்கத்துக்கே திரும்பிக்கொண்டிருந்தது. தொலைந்த பாக்கெட்டிலிருந்து தொடரும்படி மாற்றியதும் சரியாயிற்று. லைப்ரரி எழுதுகிறவருக்கு இதில் எச்சரிக்கை உண்டு: கார்டு வேகமாகத் துடிக்கிறது என்பதும் செய்தி போகிறது என்பதும் வேறு வேறு. அளவீடு எப்போதும் லைப்ரரியின் மேல் முனையில், முழுச் செய்தியை எண்ணிச் செய்யப்பட வேண்டும்.

திறமூலம் என்பதால் வரும் சிரமம் தனி. இந்தக் கார்டுகளும் சுவிட்சுகளும் பெரும்பாலான பங்களிப்பாளர்களிடம் இல்லை. யாரோ ஒருவர் தன் ஆய்வகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால், அடுத்த ஆண்டு லைப்ரரியின் உட்பகுதி மாறும்போது அந்த டிரான்ஸ்போர்ட் உடைந்ததா என்று சோதிக்க ஆளிருக்காது. 2016-இல் 4.8 பதிப்போடு லினக்ஸ் கர்னலுக்குள் வந்த மென்பொருள் ரோசி இதற்கு நல்ல மருந்து. சாதாரண ஈதர்நெட் கார்டின் மேல், ஏன், மடிக்கணினியின் மெய்நிகர் நெட்வொர்க்கிலும், ஆர்டிஎம்ஏ கார்டு போல நடந்துகொள்ளும். வேகம் கிடையாது, சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கலாம். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் தானாக ஓடும் சோதனையில் இது இடம்பெறாத ஆர்டிஎம்ஏ டிரான்ஸ்போர்ட்டை ஒரு திட்டம் ஏற்றுக்கொள்ளக் கூடாது.

டிரான்ஸ்போர்ட்டுகள் நிலைப்பதற்கும் மறைவதற்கும் ஓர் உதாரணம் பார்க்கலாம். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் உள்ள ஜிஎஸ்ஐ ஆய்வு மையம் ஜீரோஎம்க்யூவின் மேல் ஃபேர்எம்க்யூ என்ற திறமூல லைப்ரரியைக் கட்டியது. செர்ன் ஆய்வகத்தின் ஆலிஸ் கருவி ஈய அணுக்கருக்களின் மோதல்களிலிருந்து பெறும் தரவை ஓட்டும் மென்பொருளின் அடியில் இருப்பது இதுதான். அங்கே நொடிக்கு டெராபைட் கணக்கில் தரவு பொங்குகிறது. ஒரே கணினிக்குள் தரவை நகலெடுக்காமல் கைமாற்ற அவர்கள் எழுதிய பகிர்நினைவக டிரான்ஸ்போர்ட் நிலைத்தது. லிப்ஃபேப்ரிக் என்ற பொது இடைமுகம் வழியாக ஆர்டிஎம்ஏ டிரான்ஸ்போர்ட் ஒன்றும் சேர்க்கப்பட்டது. பின்னாளில் அது விலக்கப்பட்டது. ஒரு டிரான்ஸ்போர்ட் உள்ளே வருவதைப் போலவே வெளியேறுவதும் திறமூல உலகில் இயல்பான நிகழ்வு.

கார்டோடு நேரே பேசும் கீழ்மட்ட இடைமுகத்தில் எழுதுவதா, லிப்ஃபேப்ரிக் அல்லது யுசிஎக்ஸ் போன்ற நடு அடுக்கின் மேல் எழுதுவதா என்ற கேள்வி இன்று இன்னும் கூர்மையாகியிருக்கிறது. 2019-இல் இன்ஃபினிபேண்ட் கார்டுகளைத் தயாரித்துவந்த மெல்லனாக்ஸ் நிறுவனத்தை வாங்குவதாக என்விடியா அறிவித்தது. 2020-இல் வாங்கி முடித்தது. செயற்கை நுண்ணறிவுக்கான ஆயிரக்கணக்கான ஜிபியுக்களை இணைக்கும் நெட்வொர்க்காக இன்ஃபினிபேண்ட் ஆயிற்று. அதற்கு மாற்றாக, ஈதர்நெட்டையே இந்த வேலைக்குத் திருத்தி அமைக்க 2023-இல் அல்ட்ரா ஈதர்நெட் கூட்டமைப்பு உருவானது; அதன் முதல் தரம் 2025 ஜூனில் வந்தது. நிரல்களுக்கான இடைமுகமாக அது எடுத்துக்கொண்டது லிப்ஃபேப்ரிக்கை. எனவே இன்று ஒரு செய்தி லைப்ரரிக்கு டிரான்ஸ்போர்ட் எழுத உட்காருபவருக்கு லிப்ஃபேப்ரிக்கின் பக்கம் சாயக் காரணம் இருக்கிறது. ஆனால் அந்தப் புதிய தரம், பாக்கெட்டுகள் பல வழிகளில் பிரிந்து போய் வரிசை மாறி வந்து சேர்வதை அனுமதிக்கிறது. வரிசை வேண்டுமென்றால் கேட்டு வாங்க வேண்டும். ஜீரோஎம்க்யூவில் ஒரு இணைப்பில் அனுப்பிய செய்திகள் அனுப்பிய வரிசையிலேயே வரும் என்று எழுதப்பட்ட நிரல்கள் ஏராளம். அவற்றுக்காக வரிசையை எங்கே காப்பது, கார்டிலா, நடு அடுக்கிலா, லைப்ரரிக்குள்ளா என்பதை அந்த டிரான்ஸ்போர்ட்டை எழுதுகிறவர் முதல் வரியை எழுதும் முன்பே முடிவு செய்ய வேண்டியிருக்கும்.